கண்டதைத் தொலைக்காமலிருக்க: சித்தேரி மலையின் இருளைக் கேட்டு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும், இரு மாவட்டங்களின் மலைக் கிராம ஊராட்சி மன்றத் தலைவர்களுக்கும், அரூர் வட்டத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சித்தேரி மலைமேல் இன்னும் மிஞ்சியிருக்கும் இரவின் இருளைக் காக்க வேண்டும். அதற்காக மலைக் கிராமங்களின் விளக்குகளுக்கு மூடி போட வேண்டும். சிறுகோள்களையும் வால்மீன்களையும் இரவுதோறும் பின்தொடர்ந்து அளப்பதற்கென்று ஒரு சிறு வானாய்வுக்கூடம் அமைக்க, அங்கே புறம்போக்கு நிலத்தில் சில சென்ட் ஒதுக்கித் தர வேண்டும். குடிநீரும் சாலையும் கேட்டு மனுக்கள் குவியும் மேசையில் இப்படியொரு வேண்டுகோளை வைப்பதற்கு எனக்குத் தயக்கம் இருந்தது. ஆயினும் இது காலம் தாழ்ந்தால் திரும்பக் கிடைக்காத ஒன்று என்பதால் எழுதுகிறேன்.

2024 செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை, என் பழைய பள்ளியின் மாணவர்கள் ஏழு பேரும் அவர்களுடைய ஆசிரியை ஒருவரும் நானும் சித்தேரிக்கு அப்பால் ஒரு சிற்றூரின் களத்துமேட்டில் நின்றுகொண்டிருந்தோம். மணி ஐந்தைக் கடந்து சில நிமிடங்கள் ஆகியிருந்தன. கிழக்கே மலைவிளிம்பு கருத்திருக்க, அதன்மேல் வானம் சாம்பல் நிறத்தில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அந்த விளிம்புக்குச் சற்று மேலே, கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் இழுத்து விரலால் தேய்த்துவிட்ட கோடு போல ஒரு வால்மீன் இருந்தது. பைனாகுலரில் அதன் தலை கூர்மையாகத் தெரிந்தது; இடம் பிடிபட்ட பிறகு வெறுங்கண்ணுக்கும் மங்கலாகத் தட்டுப்பட்டது. எங்களுக்குத் திண்ணையில் படுக்க இடம் கொடுத்திருந்த பெரியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். “வாத்தியாரே, எனக்கு மீசை அரும்புற வயசுல இதே மாதிரி விடியக்காலத்துல ஒண்ணு வந்துச்சு. இதவிடப் பெருசு. மூங்கில் கழி நீளத்துக்கு வாலு இருந்துச்சு” என்றார். அவர் வயதைக் கணக்கிட்டுப் பார்த்தால் அது 1965 அக்டோபரில் தோன்றிய இக்கேயா-செக்கி வால்மீனாக இருக்கலாம். ஐம்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் பார்த்ததை அந்த மனிதர் நீளத்தோடு நினைவில் வைத்திருந்தார்.

அன்று நாங்கள் கண்ட வால்மீனுக்கு சுசின்ஷான்-அட்லஸ் என்று பெயர். இரண்டு பெயர்கள் சேர்ந்திருப்பதன் பின்னணியில் ஒரு செய்தி இருக்கிறது. நான் இம்மடலை எழுதுவதற்கே அதுதான் காரணம். சீனாவின் பர்ப்பிள் மவுண்டன் வானாய்வகம் (சீன மொழியில் சுசின்ஷான்) 2023 ஜனவரி 9 அன்று அதை முதலில் கண்டு அறிவித்தது. உலகெங்கிலுமிருந்து வரும் சிறுகோள், வால்மீன் அளவீடுகளையெல்லாம் பதிந்துவைக்கும் மைனர் பிளானட் சென்டர் என்ற மையம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இயங்குகிறது. அந்த மையம் அதை உறுதிசெய்யப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதைப் பின்தொடர்ந்து அளந்து அனுப்ப ஆளில்லாமல் போகவே, அம்மாத இறுதியில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, தொலைந்துபோனவற்றோடு சேர்ந்துவிட்டது. பிப்ரவரி 22 அன்று சிறுகோள்களைத் தேடுவதற்கென்றே தென்னாப்பிரிக்காவில் இயங்கும் அட்லஸ் தொலைநோக்கி புதிதாக ஒன்றைக் கண்டது. அதன் பாதையைக் கணக்கிட்டபோதுதான் ஜனவரியில் கைநழுவியதும் இதுவும் ஒன்றே என்று தெரியவந்தது. அப்போது அது வியாழனுக்கும் சனிக்கும் இடைப்பட்ட தொலைவில் மெல்ல வந்துகொண்டிருந்ததால் இரண்டாம் வாய்ப்புக் கிடைத்தது. பூமியை உரசிப் போகும் ஒரு கல்லுக்கு அப்படி இரண்டாம் வாய்ப்புக் கிடைப்பதில்லை.

சிறுகோளைக் கண்டுபிடிப்பது என்றதும் ஒருவர் தொலைநோக்கியில் கண்வைத்துப் புதியதொன்றைக் காணும் அந்த ஒரு கணத்தையே நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அந்தக் கணத்தில் கையில் இருப்பது நட்சத்திரங்களுக்கு நடுவே நகரும் ஒரு புள்ளியும், அது நகர்ந்த சிறு தூரமும் மட்டுமே. தொப்பூர் கணவாயை இரவில் மேட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு லாரியின் முகப்பு விளக்கு ஒரு வளைவில் மூன்று விநாடி தெரிந்து மறைகிறது. அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது, என்ன வேகத்தில் வருகிறது, கீழே இறங்கிச் சேலத்துக்குப் போகுமா, மேட்டூர்ச் சாலையில் திரும்புமா என்பதை அந்த மூன்று விநாடியை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த வளைவிலும் அதற்கடுத்த வளைவிலும் அதே விளக்கைப் பார்த்தால் சொல்லிவிடலாம். இடையில் பார்வையைத் திருப்பிக்கொண்டாலோ, அடுத்து வரும் விளக்கு அதே லாரியுடையதா வேறொன்றுடையதா என்பதே தெரியாமல் போகும். சிறுகோள் விஷயத்திலும் முதல் இரவின் அளவீட்டோடு இரண்டாம் இரவு, மூன்றாம் இரவு, அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று அளவீடுகள் சேரச் சேரத்தான் அதன் சுற்றுப்பாதை உறுதிப்படும். இந்தப் பின்தொடர்தல் பெயரும் புகழும் கிடைக்காத வேலை. ஆனால் இது நடக்காவிட்டால் கண்டுபிடிப்பு என்பதே காற்றில் எழுதியதாகிவிடும்.

முதல் சிறுகோளே இப்படித்தான் தொலைந்தது. 1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் ஜுசெப்பே பியாசி கண்ட சீரிஸ், சில வாரங்களில் சூரிய ஒளிக்குள் மறைந்துவிட்டது; இருபத்து நான்கு வயது கார்ல் பிரீட்ரிக் காஸ் புதியதொரு கணக்கு முறையை வகுத்து அது எங்கே இருக்கும் என்று சொன்னதால் ஆண்டு முடிவில் மீண்டும் அகப்பட்டது. ஹெர்மீஸ் என்ற சிறுகோளின் கதை இன்னும் உறைக்கும். 1937 அக்டோபர் இறுதியில் கார்ல் ரெய்ன்முத் ஜெர்மனியில் அதைக் கண்டார். சந்திரனின் தொலைவைப்போல் சுமார் இரண்டு மடங்கு தொலைவில் பூமியைக் கடந்து சென்ற அதை ஐந்து நாட்களே அளக்க முடிந்தது. பிறகு அறுபத்தாறு ஆண்டுகள் அது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. 2003 அக்டோபரில் மீண்டும் பிடிபட்ட பின்னர்தான் அது ஒன்றையொன்று சுற்றும் இரண்டு கற்கள் என்பதே தெரிந்தது.

அண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களில் பலர் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 2024 டிசம்பர் 27 அன்று சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி 2024 ஒய்.ஆர்.4 என்ற சிறுகோளைக் கண்டது. அதன் அகலம் சுமார் 60 மீட்டர். 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோதக்கூடும் என்ற கணிப்பு வந்தது. மோதக்கூடிய இடங்களின் கோடு கிழக்குப் பசிபிக்கில் தொடங்கி, தென் அமெரிக்காவின் வடபகுதி, ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியா வரை நீண்டது. 2025 பிப்ரவரி 18 அன்று அந்த வாய்ப்பு 3.1 விழுக்காடு வரை ஏறியது. அடுத்த சில நாட்களில் பூமியைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்டப் பூச்சியமாயிற்று. கல் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. நாம் அளந்தது கூடியது. அது எங்கே இருக்கக்கூடும் என்ற நீளமான கோடு அளவீடு சேரச் சேரச் சுருங்குகிறது. சுருங்கும் கோட்டுக்குள் பூமி இருக்கும்வரை மோதும் வாய்ப்பு ஏறுவதுபோலத் தோன்றும். பூமி கோட்டுக்கு வெளியே வந்ததும் சட்டென்று இறங்கிவிடும். என் தெருவில் பலர் பிப்ரவரியில் அஞ்சியதற்கும் மார்ச்சில் “எல்லாம் புரளி” என்று சொன்னதற்கும் இந்த ஒரு விளக்கம் போய்ச் சேராததே காரணம். இதில் நான் குறிப்பாகக் காட்ட விரும்புவது வேறு: கண்டுபிடித்த நாட்களில் அது சிறு தொலைநோக்கிகளுக்கே எட்டும் பிரகாசத்தில் இருந்தது, சில வாரங்களில் உலகின் மிகப் பெரிய கருவிகளுக்கு மட்டுமே எட்டும் அளவுக்கு மங்கிவிட்டது. முதல் இரவுகளின் அளவீட்டைப் பிறகு எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது.

அறிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்; கேட்கவும் வேண்டும். சிலியில் 8.4 மீட்டர் கண்ணாடியுடன் ரூபின் வானாய்வகம் வந்துவிட்டது. 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டபோதே, ஏறத்தாழப் பத்து மணி நேரப் பார்வையில் 2,104 புதிய சிறுகோள்களைக் கண்டதாக அறிவித்தது. அப்படியிருக்க, சித்தேரியில் நான் கேட்கும் கூடத்தில் வைக்கப்போகும் 40 சென்டிமீட்டர் கண்ணாடியுள்ள தொலைநோக்கி எதற்கு? ரூபின் காணும் மிக மங்கலான சிறுகோள்களை நம் கருவி காணாது என்பது உண்மையே. ஆனால் பூமிக்கு அருகே வரும் சிறிய கற்கள் நெருங்கும் சில இரவுகளில் மட்டும் பிரகாசமாகி, வேகமாக ஓடி, மறைந்துவிடுபவை. அந்தச் சில இரவுகளில் சிலியில் பகலாக இருக்கும் நேரத்தை யார் பார்ப்பது? 2008 அக்டோபர் 6 அன்று அரிசோனாவில் கண்டுபிடிக்கப்பட்ட 2008 டி.சி.3 என்ற சிறு கல், ஏறத்தாழ இருபது மணி நேரத்தில் சூடானின் பாலைவனத்துக்கு மேலே வெடித்துச் சிதறியது. அந்த இருபது மணி நேரத்துக்குள் வெவ்வேறு நாடுகளில் பலர், அவர்களில் பொழுதுபோக்காளர்களும் உண்டு, அளந்து அனுப்பியதால்தான் விழும் இடமும் நேரமும் முன்கூட்டியே தெரிந்தன. பின்னர் கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர்கள் மணலில் வரிசையாக நடந்து அதன் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார்கள்.

பூமி உருண்டை, இரவு ஓரிடத்தில் நிற்பதில்லை. பெரிய தேடல் தொலைநோக்கிகளில் பெரும்பாலானவை ஹவாய், அரிசோனா, சிலி ஆகிய இடங்களில் உள்ளன. ஹவாயில் விடிந்து, ஆப்பிரிக்காவில் இருட்டுவதற்கு முன் நடுவே நீளும் இரவு ஆசியாவின் இரவு. நாம் இருப்பது கிழக்கே சுமார் 78 பாகை, வடக்கே சுமார் 12 பாகை; நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் நமக்குத் தெரியும். லடாக்கின் ஹான்லேயில் மிகச் சிறந்த வானமும் 70 சென்டிமீட்டர் தானியங்கித் தொலைநோக்கியும் இருக்கின்றன. இருந்தாலும் ஒரே இடத்தை நம்பியிருந்தால் அங்கே பனியும் மேகமும் சூழும் இரவுகளில் நாடே கண்ணை மூடிக்கொண்டதாகிவிடும். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். தையிலிருந்து சித்திரை வரை வானம் துடைத்துவைத்ததுபோல் இருக்கும் என்பது மலையில் ஆடு மேய்ப்பவர்களுக்கும் தெரிந்த செய்தி.

இருக்கும் இடத்தால் வரும் பயனுக்கு அண்டை மலையே சாட்சி. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்த நட்சத்திரம் முன்னும் பின்னும் சிலமுறை மங்கியதிலிருந்து யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது தெரிந்தது; இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்தோடு, ஜவ்வாது மலையின் காவலூரிலிருந்தும் அந்த மங்கல் பதிவாயிற்று. ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டைக்காரர்கள் அன்றாடம் பார்க்கும் அதே ஜவ்வாது மலைதான்.

தமிழ்நாட்டுக்கும் சிறுகோள்களுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தில் 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஏசியா என்றே பெயர் வைத்தார். அதே இடத்திலிருந்து சாஃபோ, சில்வியா, கமிலா, வேரா ஆகியவையும் அவரால் கண்டறியப்பட்டன. சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் இருப்பது இந்த நூற்றாண்டில் தெரியவந்தது. அங்கே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867 இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1885 இல் கண்ட வேராவுக்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்தியாவிலிருந்து ஒரு சிறுகோளும் கண்டறியப்படவில்லை. அந்த நீண்ட இடைவெளியை முடித்து வைத்தது காவலூர்: 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் அங்குள்ள ஷ்மிட் தொலைநோக்கியின் படத்தகட்டில் ஒன்றைக் கண்டார். அது எண் 4130 பெற்று, கணிதமேதையின் நினைவாக இராமானுஜன் எனப் பெயரிடப்பட்டது. நம் மாவட்ட எல்லையிலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவில் நடந்த இது, அந்த ஆண்டுகளில் எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைக்கும் தெரியாது; ஆசிரியனாகிய எனக்கும் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. அதை நினைக்கும்போது இன்றும் மனம் வருந்துகிறது.

இனி விளக்குகளுக்கு வருகிறேன். மலைவாழ் மக்களுக்கு வெளிச்சம் வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். பாம்பும் கரடியும் நடமாடும் பாதையில் இரவு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துணைச் சுகாதார நிலையத்துக்கு ஓடும் தாய்க்கு விளக்கு உயிர்க்காப்பு. நான் கேட்பது அந்த வெளிச்சம் பாதையின்மேல் விழ வேண்டும், வானத்தின்மேல் விழக்கூடாது என்பதுதான். இப்போது பொருத்தப்படும் நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் பல சாய்வாக மாட்டப்படுவதால், ஒளியின் ஒரு பகுதி பக்கவாட்டிலும் மேலேயும் போய் வீணாகிறது. நீல ஒளி காற்றில் அதிகமாகச் சிதறுவதால் வானமே வெளுத்துவிடுகிறது. விளக்கைத் தரைக்கு நேராகக் கவிழ்த்து, மேலே தகர மூடி போட்டு, மஞ்சள் சாயலுள்ள விளக்கைப் பயன்படுத்தினால் குறைந்த மின்சாரத்திலேயே பாதை நன்றாகத் தெரியும், கண்ணும் கூசாது. உயர்கோபுர மின்விளக்கு பேருந்து நிலையத்துக்கும் நாற்சந்திக்கும் பொருந்தும். பத்து வீடுகள் உள்ள மலைமுகட்டில் அது நின்றால், சுற்றியுள்ள பல கிலோமீட்டர் இருளையும் அது ஒன்றே தின்றுவிடும்.

இதைச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்தேன். மூடியிட்ட விளக்கின் படத்தை நானே வரைந்து இணைத்திருந்தேன். இது இத்துறையின் பொருளன்று என்ற ஒற்றை வரியோடு மனு திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு, நாங்கள் தொலைநோக்கி வைக்கும் மேட்டுக்கு எதிரே இரண்டு விளக்குகள் சாய்வாக மாட்டப்பட்டன. இப்போது தெற்கே சேலத்தின் ஒளியும், வடமேற்கே ஓசூர், பெங்களூருப் பக்கத்து ஒளியும் அடிவானத்தில் மஞ்சளாகத் தேங்கி நிற்கின்றன. அவற்றை நாம் தடுக்க இயலாது. எதிர்மேட்டு விளக்குகள் இரண்டையும் ஓர் ஊராட்சித் தீர்மானத்தால் சரிசெய்துவிடலாம். ஹான்லேயைச் சுற்றிய பகுதியை 2022 இல் இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 இல் இருண்ட வானப் பூங்கா என்ற தகுதியைப் பெற்றது. இரண்டு இடங்களிலும் மக்கள் வாழ்கிறார்கள். இரவில் விளக்கும் எரிகிறது.

வானாய்வுக்கூடம் என்றதும் பெரிய குவிமாடத்தையும் கோடிக்கணக்கான செலவையும் எண்ண வேண்டாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று. தண்டவாளத்தின்மேல் கையால் தள்ளினால் நகரும் தகரக் கூரை. நடுவே தரையோடு ஒட்டாமல் தனியே அடித்தளம் இட்டு எழுப்பிய கான்கிரீட் தூண். தூண் தனியே நிற்க வேண்டியதற்குக் காரணம், அறையில் ஒருவர் நடந்தாலும் அந்த அதிர்வு தொலைநோக்கிக்குப் போய் நட்சத்திரத்தைக் கோடாக இழுத்துவிடும். தூணின்மேல் 40 சென்டிமீட்டர் கண்ணாடியுள்ள தொலைநோக்கி, அதில் ஒரு கேமரா, மின்வெட்டைத் தாங்கும் பேட்டரிகள், ஜி.பி.எஸ். கடிகாரம், இணைய இணைப்பு. பாதை நன்கு தெரிந்த சிறுகோள்களைச் சில இரவுகள் அளந்து அனுப்பி, அளவீடு துல்லியமாக இருக்கிறது என்று காட்டினால் மைனர் பிளானட் சென்டர் அந்த இடத்துக்கென்று ஒரு குறியீட்டு எண் வழங்கும். அதன்பிறகு அங்கிருந்து போகும் ஒவ்வொரு அளவீடும் உலகப் பதிவேட்டில் ஏறும்.

துல்லியம் என்றால் எத்தகையது என்பதை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். பழைய மாணவர்கள் பணம் போட்டு வாங்கித் தந்த எட்டு அங்குலத் தொலைநோக்கியில் கேமராவைப் பூட்டி, பூமியை நெருங்கிக் கடந்த ஒரு சிறுகோளை இரவு முழுவதும் படம் பிடித்தோம். ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் வரும் ஒரு பங்களவுக்குள் இடம் சரியாக இருக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் தொலைவில் வைத்த சுண்டுவிரல் நகம் நம் கண்ணில் அடைக்கும் அளவு அது. கணக்கிட்டுப் பார்த்தால் எங்கள் அளவீடுகள் எல்லாம் ஒரே திசையில் பதின்மூன்று பங்கு விலகியிருந்தன. குவியம் சரியில்லையா, தொலைநோக்கி ஆடியதா, நட்சத்திரப் பட்டியலில் பிழையா என்று மூன்று நாட்கள் தேடினோம். கடைசியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் கைப்பேசியையும் மடிக்கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மலையில் இணையம் கிடைக்காததால் மடிக்கணினியின் கடிகாரம் நாற்பது விநாடி பின்தங்கியிருந்தது. நிமிடத்துக்கு இருபது பங்கு ஓடும் கல்லுக்கு நாற்பது விநாடி என்றால் பதின்மூன்று பங்கு. கணக்கு பொருந்தியபோது பிள்ளைகள் துள்ளினார்கள். ஆனால் அந்த இரவின் அளவீடு எதையும் நாங்கள் அனுப்பத் துணியவில்லை. நிலையான இடமும் நம்பத்தகுந்த கடிகாரமும் இருந்திருந்தால் அது பதிவேட்டில் ஏறியிருக்கும்.

கட்டடம் எழும்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஹைடெக் லேப் என்று அவர்கள் அழைக்கும் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கின்றன. ஹவாயின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களைப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமின்றி அனுப்பி, அவற்றில் சிறுகோள்களைத் தேடச் செய்யும் பன்னாட்டுத் திட்டம் ஒன்று அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து நடக்கிறது. இந்தியாவிலிருந்தும் மாணவர்கள் பங்கேற்று வருகிறார்கள். நாங்கள் ஒருமுறை அதில் சேர்ந்தோம். ஒரே வானப்பகுதியைச் சில நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்களைத் திரையில் மாற்றி மாற்றிக் காட்டினால் நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும். சிறுகோள் மட்டும் ஒரே நேர்கோட்டில், ஒரே சீரான அடியில் நடக்கும். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஒரு படத்தொகுப்பின் முன் முக்கால் மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. கேமராவின் பழுதுபட்ட புள்ளிகளை மூன்று முறை சிறுகோள் என்று எண்ணி ஏமாந்தபின், நான்காவதாக ஒன்றைக் காட்டி, “சார், இது நெசமாவே நடக்குது” என்றாள். பட்டியலோடு ஒப்பிட்டபோது அது முன்பே கண்டறியப்பட்டதுதான் என்று தெரிந்து அவள் முகம் வாடிவிட்டது. முன்பே தெரிந்த கல்லானாலும் அதன் இன்றைய இடம் இன்று ஒருவர் அளந்தால்தான் தெரியும் என்று விளக்கினேன். அளந்து, அறிக்கையின் வரியைத் தானே தட்டச்சு செய்து அனுப்பினாள். இன்று அவள் அரசுக் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். இரு மாவட்டங்களிலும் பள்ளிக்கு ஓர் ஆசிரியருக்கு இரண்டு நாள் பயிற்சி அளித்தால், மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஆய்வகத்தைத் திறந்துவைத்து இதைத் தொடரலாம். கூடத்தை நடத்தும் பொறுப்பை மாவட்டத்தின் அரசுக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகள் ஏற்கலாம்; காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்திடம் வழிகாட்டுதல் கேட்டு மாவட்ட நிர்வாகம் ஒரு கடிதம் எழுதினால் அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

அவசரம் ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களில் இதுவரை கண்டறியப்பட்டவை 40,000 ஐத் தாண்டிவிட்டன. ஆனால் 140 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் பாதிகூட இன்னும் கண்டறியப்படவில்லை என்றே மதிப்பிடுகிறார்கள். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்த கல் சுமார் 20 மீட்டர்தான். சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் யாரும் அதை முன்கூட்டிக் காணவில்லை. ஜன்னல் கண்ணாடிகள் சிதறி ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தார்கள். நமக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கும் சிறுகோள் வேறு. சுமார் 340 மீட்டர் அளவுள்ள அபோபிஸ், ஆஸ்திரேலியாவுக்கு மேலாக வந்து, இந்தியப் பெருங்கடலைக் கடந்து, பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில், நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்துக்கும் கீழே கடந்து செல்லப் போகிறது. 2004 டிசம்பரில் அது மோதும் வாய்ப்பு 2.7 விழுக்காடு என்று கணிக்கப்பட்டது. தொடர்ந்த அளவீடுகளால் அது மோதாது என்பது இப்போது உறுதியாகியிருக்கிறது. அது மிக நெருங்கும் நேரம், நம் கடிகாரப்படி 2029 ஏப்ரல் 14 விடியற்காலை 3 மணி 16 நிமிடம். அன்று சித்திரை முதல் நாள். மேகமற்ற கோடைகால வானம். அதற்கு முந்தைய மாலையிலிருந்தே அது நம் வானத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்ந்துகொண்டிருக்கும். அந்த இரவில் சித்தேரி மேட்டில் ஒரு கூரை திறந்திருக்க வேண்டும், அதன் கீழே நம் பிள்ளைகள் கல்லின் இடத்தை அளந்து உலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு இன்னும் மூன்று ஆண்டுகளே இருக்கின்றன. நிலம் ஒதுக்க ஓராண்டு, கட்ட ஓராண்டு, குறியீட்டு எண் பெற்றுக் கைப்பழக்கம் வர ஓராண்டு என்று வைத்தால் கணக்கு சரியாக இருக்கிறது. ஒரு கோப்பு ஓராண்டு உறங்கினால் சரியாக வராது.

கோப்பில் முடிவெடுக்கும் முன் ஒருமுறை நேரில் வந்து பாருங்கள் என்று மாவட்ட ஆட்சியர்களையும் தலைவர்களையும் பணிவுடன் அழைக்கிறேன். தை அமாவாசையை ஒட்டிய இரவுகள் ஏற்றவை. இரவு எட்டு மணிக்கு மேல் வந்தால் போதும். திண்ணை கொடுத்த பெரியவர் வீட்டில் களியும் கீரைக்குழம்பும் செய்யச் சொல்லியிருக்கிறேன். மாணவர்கள் தொலைநோக்கியோடு மேட்டில் இருப்பார்கள். மலைமேல் கடைசி வளைவு திரும்பியதும் வண்டிகளின் முகப்பு விளக்கைத் தாழ்த்திக்கொண்டு, களத்துமேட்டுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு, மீதித் தூரத்தை நடந்து வரும்படி கேட்டுக்கொள்கிறேன். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடம் ஆகும், அந்த நடை அதற்குச் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
அரூர் வட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன்